பாரம் குறைந்தால் மட்டும் போதுமா?

2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்று சலித்துப் போய், மாவனல்லை வீட்டிலிருந்து கடுகண்ணாவைக் கடைக்குப் போய்வர, பாவித்த ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பழைய சைக்கிள் இருபது கிலோ. இது பத்தே கிலோ. ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன். உடனே காசைக் கொடுத்துவிட்டேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் விஷயம் விளங்கியது. பிரேம் 56 சென்ரிமீற்றர். ஐந்தடி ஐந்தங்குலமான எனக்கு 52 அளவே பொருந்தும். ஹேண்டிலை எட்டிப் பிடித்தே முதுகு வலித்தது. கியரில் முன் சில்லுக்குக் குறைந்தது 39 பல், பின்னுக்குக் கூடியது 23. அது பந்தயக்காரருக்கு உரியது. முழங்கால் நோக, இறங்கித் தள்ளினேன்.

அதை நட்டத்துக்கு விற்று, பதினொரு கிலோ சைக்கிள் ஒன்று எடுத்தேன். முன்னுக்கு 34, பின்னுக்கு 32. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஏறத்தாழ ஒரு சுற்றுத்தான். மெதுவாக என்றாலும் ஏறிவிடுகிறேன்.

கணக்குப் பாருங்கள்: எழுபது கிலோ ஆளும் பத்துக் கிலோ சைக்கிளும் சேர்ந்து எண்பது. ஒரு கிலோ குறைத்தால் எண்பதில் ஒரு பங்குதான் இலாபம்.

வாங்குமுன் குறுக்குக் கம்பிக்கு மேலாக நின்று பாருங்கள். இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். சீற்றில் இருந்து, கீழ்ப் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும்.

விற்பவர்களே, நீங்களும் அளவு பார்த்துக் கொடுங்கள். எனக்கு அன்று விற்றவரிடம் நான் பிறகு போகவேயில்லை.