புகையிரதம் மாற்றிய வாக்கியம்

"அவன் நேற்று வந்திருக்கிறான்" என்பது தமிழில் பிழையன்று. அதனையே "ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே" என ஆங்கிலத்தில் எழுதினாலோ புள்ளி பறிபோகும். நம் மாணவர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இவ்விடத்திலேதான். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 1990' என முடிந்த காலத்தைச் சுட்டும் சொல் வந்துவிட்டால் 'ஹாஸ் கம்' ஆகாது. 'கேம்' என்பதே வேண்டும்.

கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் உதாரணம் புகையிரதம். போரினால் 1990இல் வவுனியாவுக்கு வடக்கே அது நின்றது. 2012இல் இங்கிருந்து ஒரு மாணவி, "நோ ட்ரெயின் ஹாஸ் கம் ஹியர் சின்ஸ் 1990" என்று எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்போம். அந்நிலை அன்று தொடர்ந்துகொண்டிருந்ததல்லவா?

2013 செப்டெம்பரில் வண்டி வந்தது. அக்கணமே அவ்வாக்கியம் பிழையாயிற்று! "அன்டில் 2013, நோ ட்ரெயின் ஹாட் கம் ஹியர் ஃபோர் 23 இயர்ஸ்" என்பதே இன்று சரி. வண்டி வந்தமை 'கேம்'; அதற்கு முந்திய நீண்ட வெறுமை 'ஹாட் கம்'.

மாணவர்களே, அம்மம்மாவிடம் பழைய யாழ்தேவிப் பயணக் கதையைக் கேட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். இரண்டிலாவது 'ஹாட்' வரட்டும்.