கன்று வாங்கப் போகுமுன் வளவை அளந்து கொள்ளுங்கள்

ஊர் திரும்பிய குடும்பங்கள், வீட்டுக்குக் கூரை ஏறியதும் அடுத்ததாகக் கேட்பது கன்றுகளைத்தான். தென்னங்கன்று கிடைக்குமா, ஒட்டு மாங்கன்று எங்கே வாங்கலாம், ஒரு குடும்பத்துக்கு எத்தனை தருவார்கள் என்று கேட்கிறார்கள். கன்று கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. அடுத்த கச்சான் காற்றுக் காலத்தைத் தாண்டி அது உயிரோடு நிற்குமா என்பதே யோசிக்க வேண்டிய விடயம். பனிச்சங்கேணி போன்ற மணற்பாங்கான ஊரில், நாற்றுமேடைக்கோ விவசாயப் போதனாசிரியரிடமோ போகும்போது உங்கள் வளவைப் பற்றி நீங்கள் சொல்லக்கூடிய தகவலைப் பொறுத்தே சரியான கன்று கிடைக்கும்.

ஊரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பனிச்சை மரமும் கேணியும் வருகின்றன. பனிச்சங்காயை இடித்து வலைக்குச் சாயம் ஏற்றிய காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தது. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் நடந்த சண்டையில் வாகரைப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். இரண்டுக்கும் பிறகு, வேலி இல்லாத, எல்லை தெரியாத, பற்றை மூடிய வளவுகளுக்குத்தான் பலர் திரும்பி வந்தீர்கள். ஆகவே முதல் வேலை நடுவது அல்ல.

மண்வெட்டி எடுக்குமுன்

உங்கள் காணி மிதிவெடி, வெடிக்காத பொருட்கள் இல்லாத இடம் என்று உறுதி செய்யப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அறிந்து கொள்ளுங்கள். வீடு கட்டிய பகுதி துப்புரவானது என்பதற்காக வளவின் பின்பக்கமும் துப்புரவானது என்று எண்ண வேண்டாம். தென்னங்கிடங்கு மூன்று அடி ஆழம் போகும். பற்றைக்கு நெருப்பு வைத்துத் துப்புரவாக்குவதும் ஆபத்தானது. சந்தேகமான ஒரு பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள். அந்த இடத்திலேயே நின்று, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். விறகு பொறுக்கவும் ஆடு தேடவும் பற்றைக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே.

எஞ்சி நிற்கும் பழைய மரங்களை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். வேலி அழிந்த இடத்தில் பழைய பூவரசும் பனையும் தென்னையும்தான் எல்லையைக் காட்டுகின்றன. உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் தொலைந்த குடும்பங்கள், பிரதேச செயலகத்தில் காணி விடயம் பேசும்போது, கிணறும் நீங்கள் நட்ட மரமும் உங்கள் குடியிருப்பை விளக்க உதவும். அயலவரோடு சேர்ந்து நின்று எல்லையைப் பார்த்துக் கொண்ட பிறகே வேலிக்கதியால் போடுங்கள். எல்லைத் தகராறு உள்ள பக்கத்தில் நீண்டகால மரம் எதையும் இப்போதைக்கு நடாமல் விடுவது நல்லது.

தண்ணீர்க் கணக்கு

கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணலில், மழைநீர் கீழே இறங்கி உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. உங்கள் கிணற்றில் நீங்கள் அள்ளுவது அந்தப் படையை. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொதுக் கணக்கு. நீர்மட்டம் குறையக் குறைய உப்பு மேலே ஏறும். ஒடுங்கிய கரையோர நிலத்தில் நல்ல தண்ணீர் அதிக உயரம் நிற்பதுமில்லை. கடல் பெருக்குக்குப் பின் கிழக்குக் கரையில் பல கிணறுகளை மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அதனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. உப்பைக் கழுவி இறக்கியது பெரும்பாலும் மாரி மழைதான். ஆகவே தோட்டத்துக்கு மோட்டர் வாங்குமுன் நன்றாக யோசியுங்கள். வாளியால் அள்ளி, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் ஊற்றுவது இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

அள்ளுவது யார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 20 கன்றுகளுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வாளி என்றால், கோடையில் மாதத்துக்கு 300 வாளி. கணவர் தொழிலுக்குப் போய்விட்ட வீட்டிலும், பெண் தனித்துக் குடும்பம் நடத்தும் வீட்டிலும் அந்த 300 வாளி சமையல், குளிப்பு, குடிநீருக்கு மேல் வருகின்ற வேலை. கன்று விநியோகத்தில் எண்ணிக்கையைப் பார்த்து எல்லாவற்றையும் வாங்கி விடத் தோன்றும். எட்டுக் கன்றை வாங்கி எட்டையும் வளர்ப்பது, முப்பதை வாங்கி ஆவணிக்குள் இருபத்தைந்தைப் பட்டுப்போக விடுவதைவிட நல்லது.

தண்ணீரின் உப்பை நாக்கால் ஓரளவு அறியலாம். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றாலும் சந்தேகப்படலாம். சரியாக அறிய, கழுவிய போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மாரியில் ஒருமுறையும், தண்ணீர் வற்றிய ஆவணியில் ஒருமுறையும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டும் ஒரே தண்ணீர் அல்ல. உவர் தண்ணீரைத் தென்னை, பனை, சப்போட்டா, பூவரசு ஓரளவு தாங்கும். தேசியும் தோடையும் தாங்காது. போஞ்சி இன்னும் மோசம்.

கொப்பியில் ஒரு படம்

பிள்ளைகளின் சதுர றூல் கொப்பியில் ஒரு பக்கம் போதும். ஒரு சதுரம் நான்கு அடி என்று வைத்துக் கொள்ளுங்கள். கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச்சஸ், சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 104 அடி. கொப்பியில் 26 சதுரம். காணியைக் கயிறு பிடித்து அளந்து வெளி எல்லையைக் கீறுங்கள். பிறகு வீடு, கிணறு, மலசலகூடம், குசினித் தண்ணீர் வெளியேறும் இடம், எஞ்சிய மரங்கள், படலை ஆகியவற்றைக் குறியுங்கள். பின்னேர வெயில் படும் பக்கம், மாரியில் வெள்ளம் தேங்கும் பள்ளம், கச்சான் காற்று நேராக அடிக்கும் மேற்குப் பக்கம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதினால்தான் போதனாசிரியர் அறிவார்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும். மணலில் கூடுதலாக இருந்தால் நல்லது. புதுக் கிணறு வெட்ட எண்ணியிருந்தால் அந்த இடத்தையும் படத்தில் விட்டு வையுங்கள். அதன்மேல் மரத்தை நட்டுவிட்டுப் பிறகு தறிக்க வேண்டி வரும்.

தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி சிபாரிசு செய்யப்படுகிறது. வெறும் கால் ஏக்கரில் 16 தென்னை கூட அடங்கும். வீடு, கிணறு, முற்றம், மரக்கறிக்கு வெயில் படும் நிலம் எல்லாவற்றையும் கழித்தால் ஐந்தாறு தென்னைதான் மிஞ்சும். கூரைக்கு மேல் தேங்காயும் ஓலையும் விழாத தூரத்தில் அவற்றை வையுங்கள். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும் என்பதால், இடையில் வாழை, பப்பாசி, மரவள்ளி போடுங்கள். முருங்கைத் தடியை வேலியோரம் ஊன்றினால் ஒரு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கும். குசினித் தண்ணீர் போகும் இடத்தில் வாழை வையுங்கள். கத்தரி, மிளகாய், வெண்டி, கீரை கிணற்றடிக்குக் கிட்ட இருந்தால் வாளி தூக்கும் தூரம் குறையும்.

வேலி இல்லாமல் இவை எதுவும் மிஞ்சாது. கட்டாக்காலி மாடு ஒரே இரவில் ஒரு வருட வேலையைத் தின்றுவிடும். கிளிசரியாக் கதியால் மலிவு, விரைவில் தழைக்கும், இலை பசளையாகும். மேற்குப் பக்கத்தில் அதை நெருக்கமாகப் போட்டால் காற்றையும் மறைக்கும். வேலிக்குத் தடி தேவைப்பட்டாலும் வாவிக்கரைக் கண்டலை வெட்ட வேண்டாம். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அதன் வேருக்குள்தான்.

நாற்றுமேடையில்

கொப்பியையும், வளவில் ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்த ஒரு பை மண்ணையும், தண்ணீர்ப் போத்தலையும் கொண்டு போங்கள். என்ன மரம் வேண்டும் என்று தொடங்காமல், "என் வளவில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இங்கே இவ்வளவு வெயில், எதை வைக்கலாம்" என்று கேளுங்கள். கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான போதனாசிரியர் யார், எந்த நாளில் வருவார் என்று சொல்வார்கள்.

கன்றைத் தெரியும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சிறிய பையில் நெடுநாள் நின்ற உயரமான கன்றின் வேர், பைக்குள் சுருண்டு கிடக்கும். பையின் அடியால் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள். தென்னங்கன்றில் கழுத்துப் பகுதி தடித்து, இலை பச்சையாக, விரைவில் விரிந்திருக்க வேண்டும். ஒட்டுக் கன்றில் ஒட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். நிழலுக்குள் நின்ற கன்றானால், நடுமுன் ஒன்றிரண்டு வாரம் உங்கள் வளவில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடும் காலம் ஐப்பசி மழை தொடங்கியதும்தான். அதற்கு முன்பே, புரட்டாதியில் மூன்று அடி நீள அகல ஆழத்தில் தென்னங்கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, மேல்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பி வையுங்கள். மணலில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்தப் பொச்சுதான். வெள்ளம் தேங்கும் பள்ளத்தில் மரக்கன்று நட வேண்டியிருந்தால் மண்ணைக் கூட்டி மேட்டில் நடுங்கள். கன்று ஏற்றிவரும் லொறியில் மேலே சாக்கு அல்லது ஓலை மூடச் சொல்லுங்கள். ஓடும் வண்டியின் காற்று இலையைக் கருக்கிவிடும். நடும்போது பொலித்தீன் பையை முழுவதும் வெட்டி அகற்றுங்கள், வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல்.