70-ல் உதறும் பழைய பிக்கப்... இன்ஜினுக்கு முன்பு சக்கரத்தைப் பாருங்கள்!

சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப், 50 கிலோமீட்டர் வேகம் வரை ஒழுங்காக ஓடும். நான்குவழிச் சாலையில் 70-ஐத் தொட்டதும் உதறும். உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரக் கோளாறு. இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரத்தையோ புரொப்பல்லர் ஷாஃப்டையோ சந்தேகிக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால், பிரேக் டிஸ்க் அல்லது டிரம்மைப் பார்க்க வேண்டும்.

வயலுக்குள் இறங்கி ஏறும் வண்டியில், ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேறே பேலன்சைக் கெடுத்துவிடும். கழுவிவிட்டு ஓட்டிப் பார்க்கச் செலவில்லை. அடுத்து, வீல் நட்டுகளின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். டயர் எங்காவது புடைத்திருந்தால் பாரம் ஏற்றவே கூடாது. ஓட்டத்தில் வெடித்தால் சரக்கோடு உயிருக்கும் ஆபத்து.

பிறகு வீல் பேலன்சிங். அலைன்மென்ட் என்பது வண்டி ஒரு பக்கமாக இழுப்பதற்கான வைத்தியம். உதறலை அது பெரும்பாலும் நிறுத்தாது. பேலன்சிங்குக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால், முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து அசைத்துப் பார்க்கலாம். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் மட்டும் தெரிந்தால் டை ராடு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உதறல் கூடினால், ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம்.