வீனஸ் இன் ஃபர்: இருவர் நாடகத்தின் வலிமையும் சறுக்கலும்

இரண்டே பாத்திரங்களைக் கொண்டு காமத்தைப் பேச முற்படும் நாடகத்தில், கதையைத் திருப்ப மூன்றாம் ஆள் உள்ளே வர வழியில்லை; ஆசையைப் பற்றிய பேச்சு சற்றே நீண்டாலும் அது அலுப்பாகவோ ஆபாசமாகவோ முடிந்துவிடும். இந்த நெருக்கடியைப் பெருமளவு வென்று இறுதியில் சறுக்கிய பிரதி, அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஐவ்ஸ் எழுதிய ‘வீனஸ் இன் ஃபர்’. 2010இல் நியூயார்க்கில் அரங்கேறி, மறு ஆண்டே பிராட்வே மேடைக்குச் சென்ற இந்நாடகம், நாயகியாக நடித்த நினா அரியாண்டாவுக்கு 2012இல் டோனி விருதைப் பெற்றுத் தந்ததோடு, 2013இல் ரோமன் பொலான்ஸ்கியின் இயக்கத்தில் பிரெஞ்சுத் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இதற்கு மூலம், எழுத்தாளர் சாஹர்-மசோக் 1870இல் வெளியிட்ட ஜெர்மன் குறுநாவல். தான் விரும்பும் பெண்ணிடம் தன்னை அடிமையாக நடத்துமாறு கேட்டு, அதற்கு ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளும் ஒருவனின் கதை அது. ஐவ்ஸ் அந்நாவலை அப்படியே மேடைக்குக் கொண்டுவராமல், அதை நாடகமாக்க முனையும் தாமஸ் என்ற இயக்குநரையும், நடிகர் தேர்வு முடிந்தபின் இடிமழையோடு வந்து வாய்ப்புக் கேட்கும் வாண்டா என்ற நடிகையையும் எதிரெதிரே நிறுத்துகிறார். இருவரும் பிரதியை வாசித்து நடிக்கத் தொடங்க, நாடகத்துக்குள் நாடகம் என்னும் உத்தி உயிர் பெறுகிறது.

இப்பிரதியின் பெரும் வலிமை இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வசனமும் பாத்திரத்தின் பேச்சாகவும், அதைப் பேசுபவரின் சொந்த ஆசையாகவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், வெளிப்படையாகச் சொல்லப்படாமல் அடியில் ஓடும் உள்ளுரை பார்வையாளரை விடாமல் பிடித்து வைக்கிறது. சில பக்கங்களை மட்டுமே பார்த்திருக்க வேண்டிய வாண்டா முழுப் பிரதியையும் மனப்பாடமாக ஒப்பிக்கும்போது, தேர்வு செய்பவர் யார், தேர்வுக்கு வந்தவர் யார் என்ற ஐயம் எழுகிறது. தாமஸ் குனிந்து அவளுக்கு உயரமான பூட்ஸை அணிவிக்கும் இடத்தில் உடல் சேர்க்கை எதுவும் இல்லை. ஆயினும் வேலை தருபவனாக இருந்தவன் பணிவிடை செய்பவனாக மாறும் அச்சிறு செயலில், நிர்வாணக் காட்சி எதுவும் தர முடியாத காமம் திரண்டு நிற்கிறது. சிருங்கார நாடகத்தை நகர்த்துவது உடல் அன்று, கைமாறும் அதிகாரமே என்பதை ஐவ்ஸ் ஆழமாக அறிந்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. தாமஸின் வருங்கால மனைவி தொலைபேசியின் மறுமுனையில் மட்டும் நிற்பதால், அவன் எதை இழக்கிறான் என்பது பார்வையாளருக்கு உறைப்பதில்லை. மூலநாவல் பெண்களை இழிவுபடுத்துகிறதா என்ற வாதம், அவசியமான வாதம்தான் என்றாலும், சில இடங்களில் பாத்திரங்களின் வாயிலிருந்து வராமல் ஆசிரியரின் கட்டுரையிலிருந்து வருவதுபோல ஒலிக்கிறது.

இவற்றினும் பெரிய குறை முடிவில் இருக்கிறது. வாண்டா யார், எதற்காக வந்தாள் என்ற புதிரை இவ்வளவு நேரம் வளர்த்த பிரதி, தாமஸைக் கட்டிப்போட்டபின் அவளைக் காதல் தெய்வமாகவே காட்டி, மனித அளவில் விடை தேடும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறது. அதனை வீனஸ் என்னும் தலைப்புக்கே உரிய புராண நியாயம் என்று ஏற்பவர்களும் உண்டு. ஆனால், தன் அறிவாலும் நடிப்பாற்றலாலும் ஓர் ஆணின் மேலாதிக்கத்தைப் படிப்படியாகக் கலைத்த நடிகைக்குச் சேர வேண்டிய வெற்றி, அந்த ஒரு கணத்தில் தெய்வத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவள் கடைசிவரை வெறும் நடிகையாகவே இருந்திருந்தால், இது இன்னும் துணிச்சலான நாடகமாக இருந்திருக்கும்.