கால்வாய்க் கரையில் ஒரு மிதிவண்டிப் பயணம்

பிரான்சில் கனால் து மிதி என்றொரு கால்வாய். 1681-இல் திறந்தது, நீளம் சுமார் 240 கிலோமீட்டர். அதன் கரைப்பாதையில், பல இடங்களில் வெறும் மண்ணும் சரளையும்தான், வண்டி இரைச்சல் இல்லாமல் மிதிவண்டி ஓட்ட உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் கால்வாய்க் கரைகள் உண்டு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவடைந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பியது. இன்று லோயர்கேம்ப்பில் தொடங்கும் பதினெட்டாம் கால்வாய் மேற்கு மலையடிவாரத்தை ஒட்டிப் போடி வட்டாரம் வரை போகிறது. கரையோர மண்பாதைகளில் பெரும்பாலும் டிராக்டரும் ஆட்டு மந்தையும்தான். ஒருபுறம் மலை, மறுபுறம் தோட்டங்கள். இதே பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. குமுளி நெடுஞ்சாலையின் ஜீப், லாரி நெரிசலில் மிதிப்பவருக்கு இந்த அழகு கண்ணில் படாது.

இந்தக் கரைப்பாதைகளில் மிதிக்க விலையுயர்ந்த வண்டி அவசியமில்லை. அகலமான டயர் போதும், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரளையில் பிடிமானம் கூடும். ஆடி மாதத்தில் மேல்காற்று பலமாக வீசும். மார்கழி, தைக் காலைகளே உகந்தவை.

மழை பெய்து கரை சொதசொதவென்று இருக்கும் நாளில் போகாதீர்கள். தண்ணீர் ஓடும்போது விளிம்பை விட்டு விலகியே ஓட்டுங்கள். எதிரே மாடு வந்தால் இறங்கி வழிவிடுங்கள். அது விவசாயிகளின் பாதை.