பெரிய டயர் போட்டால் பெட்ரோல் மிச்சமா?

குட்டீஸ்... பெரிய பெரிய டயர் மாட்டிய ஜீப், சேற்றிலும், பாறையிலும் ஏறி இறங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 'நம்ம வண்டிக்கும் இதே மாதிரி போடலாமே!' என்று அண்ணன் சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்!

காஞ்சிபுரம் மாவட்டம், பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் போனால், புத்தம் புது வண்டிகள் சாலையில் அணிவகுப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010ல் அப்பல்லோ டயர் ஆலையும், 2012ல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் வந்தன. வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஓடும் லாரியும், கல்குவாரியில் ஓடும் டிப்பரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால், பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் வேறு வேறு! ஏன் தெரியுமா?

கிரவுனும் பினியனும்

லாரியின் பின் அச்சு நடுவில், பானை மாதிரி ஒரு கூடு இருக்கும். அதற்குள், 'பினியன்' என்ற சின்னப் பல்சக்கரம், 'கிரவுன் வீல்' என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்று வைத்துக்கொள்வோம். பினியன் 4.1 முறை சுற்றினால்தான், சக்கரம் ஒரு முறை சுற்றும். இதுதான் அச்சு விகிதம்.

இந்த எண் கூடினால் இழுவை கூடும். ஆனால், இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். மேடேறும் டிப்பருக்கு இதுதான் தேவை. எண் குறைந்தால், இன்ஜின் நிதானமாகச் சுற்றும்; சமமான நெடுஞ்சாலையில் டீசல் மிச்சமாகும்.

டயர் மாறினால்?

ஒரு ஜீப் டயரின் விட்டம் 70 செ.மீ., என்றால், சுற்றளவு 220 செ.மீ., (22/7 வாய்ப்பாடு நினைவிருக்கிறதா?) 77 செ.மீ., டயர் போட்டால், 242 செ.மீ., ஆகிவிடும். அதாவது, ஒரு சுற்றுக்கு 10 சதவீதம் அதிக தூரம்!

'அப்படியானால் பெட்ரோல் மிச்சம்தானே?' என்கிறீர்களா? அதுதான் இல்லை. எட்டு வைக்கும் தூரம் கூடினால், தள்ளும் பலமும் கூட வேண்டும். இன்ஜின் திணறும், டிரைவர் அடிக்கடி கியரைக் குறைப்பார். பெரிய டயரின் எடையும் அதிகம். முரட்டுப் பல் கொண்ட டயர், தார் சாலையில் நசுங்கி நசுங்கி உருள்வதிலும் சக்தி வீணாகும்.

பழைய இழுவை வேண்டுமானால், அச்சு விகிதத்தையும் 4.1ல் இருந்து 4.5 ஆக்க வேண்டும். இழுவை திரும்பி வரும்; ஆனால், டயரின் எடை எங்கே போகும்?

மீட்டர் சொல்லும் பொய்!

டயரை மட்டும் மாற்றினால், கிலோமீட்டர் மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 கி.மீ., காட்டும்போது, வண்டி 110 கி.மீ., ஓடியிருக்கும். முன்பு லிட்டருக்கு 12 கி.மீ., கொடுத்த ஜீப், இப்போது 10 லிட்டரில் 100 கி.மீ., ஓடியதாக மீட்டர் காட்டுகிறது. மைலேஜ் 10 ஆகிவிட்டதா? இல்லை, 11. குறைந்தது 2 அல்ல, 1 தான்!

இன்னொன்று ரொம்ப முக்கியம். மீட்டர் 50 காட்டும்போது, வண்டி 55 கி.மீ., வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக் பிடித்தால், நினைத்த இடத்தில் நிற்காது. தயாரிப்பாளர் சொன்ன அளவு டயரே நல்லது என்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்!

உங்கள் சைக்கிளின் பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மைதானத்தில் 10 சுற்று உருட்டி, தூரத்தை அளங்கள். தம்பியின் சின்ன சைக்கிளையும் அதேபோல் உருட்டி அளங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

கடைசியாக ஒரு கேள்வி: டயரின் விட்டம் 7 செ.மீ., கூடினால், அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரும்?

(விடை: 3.5 செ.மீ., மட்டுமே! அச்சு, சக்கரத்தின் நடுவில் அல்லவா இருக்கிறது!)