கூலிப் பட்டியலும் மாக்ரோவும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கே என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். தறியில் எத்துணைத் திறமையுடன் நெய்தாலும், வயலில் எவ்வளவு பாடுபட்டு விளைவித்தாலும், உழைப்புக்குரிய தொகை உரியவருக்கு உரிய நாளில் சேராவிடில் சங்கத்தால் பயன் யாது? கணக்கெழுதும் வேலையில் கணிப்பொறி எவ்வாறு துணை நிற்கும் என்பதையும், எவ்விடத்தில் நாம் விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

விரிதாளில் கூட்டலையும் கழித்தலையும் கணிப்பொறியே செய்துவிடுகிறது. ஆயினும், ஓர் ஒழுங்கில் உள்ள விவரங்களை வேறோர் ஒழுங்குக்கு மாற்றும் வேலையைப் பல இடங்களில் இன்னும் குமாஸ்தாவின் கையே செய்து வருகிறது. ஓர் உதாரணம் கொள்வோம். 300 நெசவாளர்களைக் கொண்ட ஒரு சங்கத்தின் கூலிப் பட்டியலில், ஒவ்வொருவருக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிகள் உள்ளன: முதல் வரியில் பெயர், இரண்டாவதில் வங்கிக் கணக்கு எண், மூன்றாவதில் கூலி. வங்கியோ, ஒருவருக்கு ஒரே வரியாக, மூன்று பத்திகளில் பட்டியல் கேட்கிறது. 900 வரிகளை 300 வரிகளாக மாற்ற வேண்டுமானால், குமாஸ்தா 600 தடவை வெட்டி ஒட்ட வேண்டும். நடுவே கை தவறி இருவரின் கூலி இடம் மாறிவிட்டால், மொத்தத் தொகை மாறாது. கூலி மட்டும் ஆள் மாறிவிடும். அக்கூலியை நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்லியிருக்கும் குடும்பத்தின் நிலை என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

மாக்ரோ என்பது யாது?

நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகரத்து ஜோஸப் மேரி ஜக்கார்டு அமைத்த பொறியை நாம் அறிவோம். எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்பது அட்டைகளில் துளைகளாகக் குறிக்கப்படுகிறது. அட்டைகளை ஒரு முறை அடித்துக் கோத்துவிட்டால், அதே பூ எத்தனை சேலைகளிலும் விழும். மாக்ரோவும் அத்தகையதே. ஒரு வேலையின் படிகளை ஒரு தடவை செய்து காட்டினால், கணிப்பொறி அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் திரும்பச் செய்யும். 1983-ல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாளிலேயே மாக்ரோ வசதி இருந்தது. இன்று எக்ஸெலிலும், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் கால்க்கிலும் இது உண்டு.

கற்பிக்கும் முறை

எக்ஸெலில் செய்யும் விதத்தைக் காண்போம். முதல் பத்தியில் உள்ள முதல் அங்கத்தினரின் பெயர் மீது நிற்க வேண்டும். ‘வியூ’ என்னும் தலைப்பின்கீழ் ‘மாக்ரோஸ்’ பகுதியில் ‘யூஸ் ரிலேட்டிவ் ரெபரன்ஸஸ்’ என்பதை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லையேல், கணிப்பொறி “முதல் வரி, இரண்டாம் வரி” என்றே மனனம் செய்யும். “நிற்கும் இடத்திலிருந்து ஒரு வரி கீழே” என்று கற்காது. பிறகு ‘ரெகார்டு மாக்ரோ’ என்பதை அழுத்தி, பெயரொன்று இட்டுத் தொடங்கலாம்.

அம்புக்குறி விசைகளாலேயே நகர்வது நன்று. ஒரு வரி இறங்கிக் கணக்கு எண்ணை வெட்டி, பெயருக்கு அடுத்த பத்தியில் ஒட்டுக. அவ்வாறே கூலியை வெட்டி, அதற்கடுத்த பத்தியில் ஒட்டுக. பின்னர் முதல் பத்திக்குத் திரும்பி, வெறுமையான இரு வரிகளையும் நீக்குக. இப்போது நாம் நிற்குமிடத்தில் அடுத்தவர் பெயர் வந்திருக்கும். பதிவை நிறுத்திவிடலாம். இனி மாக்ரோவை ஒரு முறை இயக்கினால் ஓர் அங்கத்தினரின் வேலை முடியும். பதிவான கட்டளைகளுக்கு முன்னே ‘டூ அன்டில்’ என்னும் வரியால் “நிற்கும் கட்டம் வெறுமையாகும்வரை செய்க” என நிபந்தனை விதித்து, முடிவில் ‘லூப்’ என்று சேர்த்துவிட்டால், 300 பேரின் வேலையும் ஒரே இயக்கத்தில் நடந்தேறும்.

கவனிக்க வேண்டியவை

மாக்ரோவுக்குக் கை உண்டு, கண் இல்லை. ஜக்கார்டில் ஓர் அட்டை தவறினால் பூவில் அவ்விடம் மட்டுமே பழுதுபடும். இங்கோ, ஒருவருக்குக் கணக்கு எண் வரி விடுபட்டிருந்தால், அவர் கூலி கணக்கு எண்ணின் பத்திக்கும், அடுத்தவர் பெயர் கூலிப் பத்திக்கும் சென்றுவிடும். அவருக்குப் பின்வருவோர் வரிகளும் பிறழும். ஆதலால், எண் இல்லாதவருக்கு வரியை விட்டுவிடாமல் “இல்லை” என்று எழுதி வைத்தல் வேண்டும். மூன்று வரி என்னும் ஒழுங்கு எவ்விடத்தும் குலையலாகாது.

கணக்கு எண்ணை எண்ணாகவன்றி எழுத்தாகவே பதிய வேண்டும். எக்ஸெல் 15 இலக்கங்கள் வரையே எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணாயின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னுள்ள பூஜ்யமும் மறைந்துவிடும். தட்டச்சு செய்யுமுன் கட்டங்களை ‘டெக்ஸ்ட்’ என மாற்றிக்கொண்டால் இத்தீங்கு நேராது.

இதனால் வேறொரு நன்மையும் உண்டு. ‘சம்’ என்னும் கூட்டல் எழுத்துக்களைத் தள்ளி எண்களை மட்டுமே கூட்டும். எனவே, மாற்றுமுன் முதல் பத்தியின் கூட்டல் மொத்தக் கூலியைக் காட்டும். மாற்றியபின் மூன்றாம் பத்தியின் கூட்டல் அதற்கு ஒத்திருக்க வேண்டும். ‘கவுண்ட்’ கொண்டு எண்ணினால் மூன்றாம் பத்தியில் 300 வர வேண்டும். இரண்டாம் பத்தியில் ஒன்றும் வரலாகாது. முதலாமவர், கடைசியாமவர், இடையில் சிலர் ஆகியோரின் வரிகளை மூலப் பட்டியலோடு ஒப்பிட்டபின்னரே வங்கிக்கு அனுப்புதல் முறை.

எக்ஸெலில் மாக்ரோ செய்ததை ‘அன்டூ’ கட்டளையால் மீட்க இயலாது. ஆகையால் மூலப் பட்டியலின் நகலில்தான் அதனை இயக்க வேண்டும். அயலார் அனுப்பும் கோப்புகளின் மாக்ரோக்களை இயக்குதலும் தகாது. 1999-ல் உலகெங்கும் பரவிய மெலிஸா என்னும் நச்சு நிரல் மாக்ரோ வழியாகவே பரவியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மாக்ரோக்களை முன்கூட்டியே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2022-ல் கொணர்ந்தது. அத்தடையை நாமே நீக்கிவிடலாகாது.

பருத்தி விளைவிப்போரின் எடைச் சீட்டுப் பட்டியலுக்கும் இம்முறை பொருந்தும். இதனால் குமாஸ்தாவின் வேலை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. வெட்டி ஒட்டுவதில் கழிந்த நேரம் சரிபார்ப்பதற்குக் கிடைக்கிறது. சரிபார்த்தல் மனிதன் மட்டுமே ஏற்கக்கூடிய பொறுப்பு. பட்டியலை மாக்ரோ மாற்றித் தரலாம். அதன்கீழ் கையொப்பமிடுபவர் காரியதரிசியே. ஆகவே, “மாற்றுமுன் மொத்தம் என்ன, மாற்றியபின் மொத்தம் என்ன?” என்று கேட்கும் வழக்கத்தை ஒவ்வொரு அங்கத்தினரும் மேற்கொள்வாராக. இக்கேள்விக்கு உடனே விடை கிடைக்கும் சங்கத்தில் கூலி ஆள் மாறிச் செல்வது அரிது.